உங்கள் சேகண்டியை இறக்கிவிட்டேன்

என் கையில் வெண்கல வாடை இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாயிற்று, எலுமிச்சைத் தோலும் வைத்துத் தேய்த்தாயிற்று. சாம்பல் போட்டுப் பார்க்கச் சொன்னாள் என் மனைவி, அதையும் செய்தேன். மூக்கருகே விரலைக் கொண்டுபோனால் உங்கள் சேகண்டிதான் மணக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு அதை நானே இறக்கினேன். ஏணியைப் பிடித்துக்கொள்ள யாரையும் கூப்பிடவில்லை. நீங்கள் இருந்திருந்தால், இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று என் காலைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். கயிறு இற்றுப்போய் ஒரு நூலில்தான் நின்றது. இன்று காலை அதன் இடத்தில் பாலக்காட்டிலிருந்து வாங்கி வந்த புது மணி அடித்தது. கறவை மாடு தலையை ஆட்டுகிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு, அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

நீங்கள் போய் ஒரு வருஷம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. அதற்குள் இந்தக் கல்பாத்தி வாத்தியான் தன் வேலையைக் காட்டிவிட்டான் என்று நினைப்பீர்கள். பள்ளிக் கமிட்டியில், கயிறு இற்றுவிட்டது, பிள்ளைகள் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். பொய் இல்லை, ஆனால் அது காரணமும் இல்லை. காரணத்தை உங்களுக்குச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களை முதலில் பார்த்தது கல்பாத்தித் தேர்முட்டிக்குப் பக்கத்தில். மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வேரோடு பிடுங்கிய நிலக்கடலைச் செடி ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லியும் வரவில்லை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி என்னைக் குடுமியிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"ஏனுங்க சாமி, நம்மளுது கொழிஞ்சாம்பாறைக்கு அக்கட்ட ஒரு ஊருங்க. பசங்களுக்கு நாலெழுத்து சொல்லித் தர ஒரு வாத்தியாரு வேணுமுங்க. வருவீங்களா?"

"அங்கே என்ன இருக்கு?" என்றேன்.

"காத்து இருக்குதுங்க. பனமரம் இருக்குது. பசங்க நெறைய இருக்கறாங்க. பள்ளிக்கோடம் மட்டுந்தானுங்க இல்லை."

"பள்ளிக்கூடமே இல்லாத ஊருக்கு வாத்தியார் எதுக்காக்கும்?"

"மொதல்ல வாத்தியாரப் புடிச்சுட்டா, பள்ளிக்கோடம் தானா வந்து ஒட்டிக்குமுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் வண்டி ஏறினேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். வந்து சேர்ந்த பிறகுதான் நீங்கள் காற்றை ஏன் முதலில் சொன்னீர்கள் என்று புரிந்தது. மலைகளுக்கு நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று இரண்டே நாளில் எங்களை ஊருக்குப் பழக்கிவிட்டது. என் மனைவி காயப்போட்ட அப்பளம் முழுவதும் சந்தைப் பக்கம் பறந்துபோயிற்று. "சாமி ஊட்டு அப்பளம் எங்கூட்டுக் கூரையில கெடக்குதுங்க" என்று ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

உங்களுக்கும் படிப்புக்கும் அப்படி ஒன்றும் பெரிய உறவு இல்லை. தமிழை எழுத்துக் கூட்டி, உதடு அசைய வாசிப்பீர்கள். ஆனால் ஒரு ஊருக்குப் பள்ளிக்கூடத்தை எப்படிக் கொண்டுவருவது என்று உங்களிடம்தான் பார்த்தேன். உங்கள் நிலத்தில் மேற்கு மூலையைக் கொடுத்தீர்கள். மண்சுவர் நீங்களும் மிதித்த மண். ஊரில் நாலு பேரைச் சேர்த்துக் கமிட்டி என்று ஒன்றை உண்டாக்கினீர்கள். சர்க்கார் காகிதத்தில் உங்களுக்கு டிரஸ்டி என்று பெயர். ஊர் ஜனங்கள் அதைத் தர்மகர்த்தா ஆக்கிவிட்டார்கள். "அது கோயிலுக்கு ஆகற பேருங்க, என்னைக் கூப்புட்டா சாமி கோவிச்சுக்கும்" என்று நீங்கள் கெஞ்சியும் ஒருவரும் விடவில்லை.

பிள்ளை பிடிக்க வீடு வீடாகப் போவோமே, அந்த நடை எனக்குப் பழகவே நாளாயிற்று. நான் வாசலில் நின்றதும் கல்வியின் பெருமையைப் பேச ஆரம்பிப்பேன். நீங்கள் என் வேஷ்டி நுனியை இழுப்பீர்கள். கட்டுத்தரைக்குப் போய் மாட்டைத் தடவிக் கொடுப்பீர்கள். மழையைப் பற்றி, கடலையில் விழுந்த பூச்சியைப் பற்றி, கட்டிக்கொடுத்த மகளின் மாமியாரைப் பற்றியெல்லாம் பேச்சு நடக்கும். மோர் குடித்துவிட்டு எழுந்து, வாசற்படி தாண்டும்போது, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி, "அந்தச் சின்னவள நாளைக்கு அனுப்பி வெய்யுங்க" என்பீர்கள். பையன்களைப் பற்றிக் கேட்கவே மாட்டீர்கள். பெண் வந்தால் அவளைக் காவல் காக்க அண்ணன் தம்பி தானாக வருவான் என்பது உங்கள் கணக்கு. அது பலித்தது.

பள்ளிக்கு அனுமதி கேட்டுச் சித்தூர் ஆபீசுக்குப் போனோமே, அது இன்னொன்று. பக்கத்து ஊரில் ஒரு மலையாளப் பள்ளி இருக்கும்போது தமிழில் இன்னொன்று எதற்கு என்று குமாஸ்தா எரிந்து விழுந்தார். நான் சட்டம் பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஊட்டுல பேசறதையே மொதல்ல பள்ளிக்கோடத்துலயும் பேசட்டுமுங்க. பயம் தெளியட்டும். அப்பறம் மலையாளமும் படிக்கட்டும், இங்கிலீசும் படிக்கட்டும், ஆரு வேண்டாங்கறா?" அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அன்று பெஞ்சு நிறையப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நிலைக்கும், இல்லாவிட்டால் மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்.

பெஞ்சு நிறையும் என்றுதான் நானும் நினைத்தேன். திறப்பு நாளன்று காலையில் நீங்கள் ஒரு துணி மூட்டையோடு வந்தீர்கள். அதற்குள் இந்தச் சேகண்டி இருந்தது. நல்ல கனமான வெண்கலத் தட்டு, கூடவே புளியங்கட்டைக் கோல். வாசல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரே ஒரு அடி அடித்தீர்கள். அந்த ஓசை மேற்கத்திக் காற்றில் ஏறிக்கொண்டு கிழக்கே உங்கள் வீட்டையும் தாண்டித் தரிசுக்காடு வரை போயிற்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்பாத்தியில் சேகண்டி என்றால் தீபாராதனை. பொருத்தமாகத்தான் தொடங்கியிருக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று ஒரு குழந்தைகூட வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அவிழ்ந்த தலையோடு ஓடிவந்து, "ஆருங்க போயிட்டாங்க? ஆருங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் ஊரில் சேகண்டி சாவுக்கு அடிப்பது என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பிணம் எடுக்கும்போது சங்கோடு சேர்த்து அடிக்கிற பொருளைப் பள்ளி வாசலில் தொங்கவிட்டு, வாருங்கள் குழந்தைகளே என்று இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

கமிட்டியில் உங்கள் பங்காளி ஒருவரே சத்தம் போட்டார். "கொழந்தைங்களப் பள்ளிக்கோடத்துக்குக் கூப்படறீங்களா, சுடுகாட்டுக்குக் கூப்படறீங்களா? ஒரு மணிய வாங்கி மாட்டுங்க. நானே வாங்கித் தாரேன்." நியாயமான பேச்சு. நீங்கள் தலையைக் குனிந்தபடி, "சேகண்டி இருக்கட்டுமுங்க" என்றீர்கள். அடுத்த நாளும் அடித்தீர்கள். அதற்கடுத்த நாளும் அடித்தீர்கள். அதிகாரி வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காலிப் பெஞ்சுகளுக்கு நான் அரிச்சுவடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் உங்களைக் குளத்துக் கரையில் பிடித்தேன். "கவுண்டரே, என்ன பிடிவாதம் இது? ஊரெல்லாம் அலைஞ்சு சேர்த்த பிள்ளைகளை ஒரு தட்டை வெச்சுண்டு விரட்டறேளே. அந்தத் தட்டு வேணுமா, பள்ளிக்கூடம் வேணுமா? தட்டுதான்னா சொல்லிடுங்கோ, நான் நாளைக்கே கல்பாத்திக்கு வண்டி கட்டிடறேன்."

நீங்கள் கோபிப்பீர்கள் என்று நினைத்தேன். கரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"எனக்கு ஒரு பொட்டப்புள்ள இருந்துச்சுங்க சாமி. மயிலாத்தான்னு பேரு."

உங்களுக்கு ஒரு மகன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஊரில் யாரும் மூச்சுவிட்டதில்லை. அம்மை வந்த வருஷத்தில் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஆத்தா வந்திருந்தா ஊட்டுல அழுகக் கூடாதுங்க, தெரியுமில்லீங்க? எடுத்துக்கிட்டாளுன்னாலும் அழுகக் கூடாது. அழுதா அவளுக்குக் கோவம் வந்துருமாமா. இருக்கறதையும் கொண்டு போயிருவாளாமா. எம்புள்ள வெடியக் காலையிலதானுங்க போனா. பையன் தொட்டில்ல கெடந்தான், அவனுக்கும் முத்துப் போட்டிருந்துச்சு. நான் அழுக வாயத் தொறந்தனுங்க. ஊட்டுக்காரிதான் கையி வெச்சுப் பொத்துனா. இவனையாவது உடச் சொல்லுங்கன்னா. பெத்தவ அவ, அவளே அழுகுல. சங்கு இல்லை, சேகண்டி இல்லை. ஒறம்பரை, சொந்தபந்தம் ஒருத்தரும் வல்ல. வேப்பந்தழையில சுத்தி நானே தூக்கிட்டுப் போயித் தரிசுல வெச்சுட்டு வந்தனுங்க. ஒரு கோழியப் புடிச்சாக்கூடக் கத்தற சத்தம் நாலு ஊட்டுக்குக் கேக்குது. எம்புள்ள போனது ஒருத்தருக்கும் கேக்குலீங்க சாமி."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. குளத்தில் தண்ணீர் கரையை வந்து வந்து தட்டியது.

மறு வருஷமே பொள்ளாச்சியில் அந்தச் சேகண்டியை வாங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். வாங்கி வந்த பிறகுதான், செத்து வருஷம் கழித்து யாருக்கு அடிப்பது, ஊர் சிரிக்காதா என்று தோன்றியதாம். பரணில் போட்டு வைத்தீர்கள். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்ற எண்ணம் அதற்கு அப்புறம்தான் வந்தது என்றீர்கள்.

"அப்போ அதை அடிக்க ஒரு இடம் வேணும்னுதான் பள்ளிக்கூடமே கட்டினேளா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான், வாய் முந்திவிட்டது.

"தெரியலீங்க சாமி. அவ இருந்திருந்தா படிக்க வெச்சிருப்பனுங்க. அது நெசம்." பிறகு எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "நாளைக்கு ஒரு நாள் அடிக்கறனுங்க. நாளான்னைக்கு நீங்க சொல்ற மணிய மாட்டிருவோம்" என்றீர்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு வெற்றி பெற்ற மாதிரியே இல்லை.

அந்த மறுநாள் காலையில்தான் செல்லாத்தாள் வந்தாள். கிழக்குத் தெருவில் பனைநார் பின்னிப் பிழைக்கிறவள். நீங்கள் கோலை எடுக்கும்போது வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் குளத்தங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. நாம் பேசியதை அவள் கேட்டிருக்கிறாள்.

"எம்பட பையனும் அந்த வருசந்தானுங்க போனான்" என்றாள். "அவனுக்கும் ஆரும் ஒண்ணும் அடிக்குலீங்க. அவனுக்குஞ் சேத்து ஒரு தட்டுத் தட்டுங்க."

நீங்கள் அடித்தீர்கள். ஓசை அடங்கும்வரை அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருஷம் அழுகையை அடக்கி வைத்ததில், சத்தம் போட்டு அழத் தெரியாமல் போயிருந்தது அவளுக்கு. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் ஒளிந்திருந்த பேத்தியை என் பக்கம் தள்ளினாள். "இவளுக்குக் கொஞ்சம் சேட்டை எச்சுங்க சாமி, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்புறம் மணி வாங்குகிற பேச்சே எழவில்லை. ஒருத்தி போய் இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வருஷம் ஊரில் பிள்ளையைச் சத்தமில்லாமல் புதைத்த வீடு எத்தனை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெண்கள் காலையில் வேலியோரம் வந்து நிற்பார்கள். சேகண்டி ஒலித்து அடங்கும்வரை நிற்பார்கள். போகும்போது இருக்கிற பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுப் போவார்கள். அதிகாரி வந்த அன்று பெஞ்சில் இடம் போதாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். "இத்தனை பெண்கள் எதற்கு வெளியே நிற்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். பிள்ளைகளைக் கொண்டுவிட வந்தவர்கள் என்றேன். அவர் திருப்தியோடு தலையாட்டினார்.

அதற்குப் பிறகு உங்கள் வாழ்க்கை முழுவதும் அந்தக் கட்டிடத்துக்குள்தான் கழிந்தது. ஓலைக் கூரை காற்றில் போய், ஓடு வந்தது. கிணறு வந்தது. மேல் வகுப்புகள் வந்தன. செல்லாத்தாளின் சேட்டைக்காரப் பேத்தி படித்து, அதே பள்ளியில் சின்ன வகுப்புக்கு ஆசிரியையாக வந்து என்னையே அதட்டினாள். அம்மை குத்துகிறவரைப் பள்ளிக்கே வரவழைத்தீர்கள். ஆத்தாளுக்கு ஆகாத காரியம் என்று ஊர் கொதித்தது. நீங்கள் முதல் ஆளாகக் கையை நீட்டி, "ஆத்தாகிட்ட நான் பேசிக்கறனுங்க. எனக்கும் அவளுக்கும் பழைய வழக்கு ஒண்ணு இருக்குது" என்றீர்கள். பிறகு ஒவ்வொரு குழந்தையையும் மடியில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். ஊசி குத்தும்போது குழந்தை கத்தினால் உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். "கத்து கண்ணு, நல்லாக் கத்து" என்பீர்கள். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என்னால் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

காலையில் சேகண்டி அடிக்கிற வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காய்ச்சலோடு கம்பளி போர்த்திக்கொண்டு வந்தும் அடித்திருக்கிறீர்கள். அடித்துவிட்டுக் கிழக்கே திரும்பி நிற்பீர்கள். ஓசை தரிசை எட்டுகிறதா என்று பார்ப்பதாக நான் நினைத்துக்கொள்வேன். தரிசுக்கு இந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், உங்கள் வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குள் ஒருத்தி இருக்கிறாள் என்பது என் நினைவுக்கு வந்ததே இல்லை. உங்கள் வீட்டு அம்மாள் பள்ளிப் பக்கம் ஒரு தடவைகூட வந்ததில்லை, ஆண்டு விழாவுக்குக்கூட. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "அவளுக்குக் கூட்டம்னா ஆகாதுங்க சாமி" என்றீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

போன ஆடியில் நீங்கள் போனீர்கள். உங்களுக்குச் சங்கும் சேகண்டியும் முறையாக முழங்கின. எங்கெங்கிருந்தோ ஜனம் வந்தது. வாய்விட்டு அழுதார்கள். அத்தனை அழுகையைக் கேட்க நீங்கள் ஒருவர்தான் இல்லை. மறுநாள் காலை நான் பள்ளிக்குப் போய்க் கோலை எடுத்தேன். நீங்கள் அடித்த மாதிரியே ஒரு அடி. அடித்துவிட்டு நீங்கள் திரும்பின மாதிரியே கிழக்கே திரும்பினேன். இந்த ஒரு வருஷமும் விடாமல் அடித்தேன். உங்களுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வருஷ திதிக்கு உங்கள் மகன் கூப்பிட்டான், போனேன். எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபோது அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் என்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. கதவோரம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"சாமி, இப்ப தெனமும் நீங்கதானுங்க அடிக்கறீங்க?"

"ஆமாம்மா. அவர் அடிச்சதை நிறுத்த மனசு வரலை" என்றேன். நல்ல வார்த்தை சொல்லப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. வெள்ளென எந்திரிச்சு அடுப்பப் பத்த வெக்கறப்ப மயிலாத்தா எந்திரிச்சிருவாளுங்க. பொறவாசல் பொடக்காணிப் பக்கம் மூஞ்சி கழுவற சத்தம் கேக்கும். வந்து முதுகுல சாஞ்சுக்குவா. தலை சீவி உடச் சொல்லுவா. எனக்குத் தெரியுமுங்க, அவ இல்லைன்னு. ஆனா அந்த நேரத்துக்கு இருப்பாளுங்க. ஒரு பக்கம் பின்னி முடிச்சு அடுத்த பக்கம் எடுப்பன். அப்ப சேகண்டி கேக்கும்."

அம்மாள் கதவின் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அப்பறம் அவ இல்லீங்க. கெழக்கத்திக் காத்து அடிக்கற மாசத்துல சத்தம் ஓஞ்சு வரும். அந்த மாசத்துல கொஞ்சம் நேரம் கூட இருப்பா. ஆடியில காதுக்குள்ளயே வந்து அடிக்கும்."

"ஏம்மா, அவர்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டேன்.

"எப்படிங்க சொல்லுவன்? அன்னிக்கு அவரு வாயப் பொத்துனவ நாந்தானுங்க. மறுக்காலும் ஒருக்காப் பொத்தறதுக்கு எனக்கு மனசு வல்ல. அப்பறம் ஊருல அத்தன பொம்பளைங்க அந்தச் சத்தத்துக்குன்னு வந்து நின்னாங்க. அவங்களுக்கு அதுல ஆறிச்சு. அதுனாலதான் புள்ளைங்களையும் அனுப்புனாங்க. நா ஒருத்தி வேண்டாம்னு சொல்லியிருந்தா உங்க பள்ளிக்கோடம் வந்திருக்குமுங்களா?"

தலையை நிமிர்த்தி அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப அவரும் போயிட்டாரு. பள்ளிக்கோடமும் வேரு புடிச்சிருச்சு. இனிமேலாவது எம்புள்ள தெனமும் சாகறத நிறுத்திக் குடுங்க சாமி."

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். உங்கள் மகன் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடிவந்தான். வயிறு சரியில்லை என்றேன்.

இதுதான் காரணம். எழுதிவிட்டேனே தவிர மனசு ஆறவில்லை. உங்களிடம் எனக்குக் கோபமும் இருக்கிறது. ஊரில் உள்ள ஒவ்வொரு தாயின் கண்ணையும் துடைத்தீர்களே, உங்கள் அடுப்பங்கரையில் இருந்தவளை ஒருநாளாவது கேட்டீர்களா? அடித்துவிட்டுக் கிழக்கே திரும்பி அவ்வளவு நேரம் நின்றீர்களே, அங்கே எதைப் பார்த்தீர்கள்? ஒருவேளை உங்களுக்குத் தெரிந்தே இருந்ததா? தெரிந்தும் நிறுத்த முடியாமல்தான் அப்படி நின்றீர்களா? இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் சொல்ல நீங்கள் இல்லை என்பதில் ஒரு பக்கம் நிம்மதியும் இருக்கிறது.

இன்று காலை புது மணி அடித்த பிறகு செல்லாத்தாள் வந்தாள். அந்தக் கூட்டத்தில் இன்னும் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். கண் தெரிவதில்லை, கோலூன்றிக்கொண்டு வேலியோரம் தினமும் வந்து நிற்கிறாள். "ஏனுங்க சாமி, இன்னிக்கு அடிக்குலீங்களா?" என்று கேட்டாள். கயிறு இற்றுவிட்டது பாட்டி என்றேன். "வேற கயிறு கட்டுவீங்கல்ல?" என்றாள். நான் புது மணியின் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டே திரும்பிப் போனாள். ஒருத்திக்குக் கொடுப்பதற்கு இன்னொருத்தியிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. நாளைக்கும் வருவாள். நாளைக்கும் இதே பதில்தான் என்னிடம் இருக்கிறது.

நான் இன்னும் எத்தனை காலம் இந்தப் பள்ளியில் இருப்பேனோ. அதுவரை இதைச் சுமக்கத்தான் வேண்டும். புது மணி கிணுகிணுத்து ஓய்ந்து, பிள்ளைகள் உள்ளே போய், வாசல் வெறிச்சென்று ஆன பிறகு, யாரும் அடிக்காமலே உங்கள் சேகண்டி எனக்குக் கேட்டது. அதே ஒரு அடி, அதே நீளம். சொன்னால் வயதாகிவிட்டது என்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் கேட்கும் என்றுதான் தோன்றுகிறது. கேட்கட்டும். அது உங்கள் வீடு வரைக்கும் போகாது.